காய்ந்து கிடந்த ஐரிஸ் கிழங்கு மறுபடி துளிர்க்குமா? நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரிஸ் குளிர்நாட்டுச் செடி. ஆனாலும் திருநெல்வேலிப் பக்கம் சில வீட்டுப் பரண்களில் அதன் கிழங்கு ஒரு கவரிலோ ஓலைக் கொட்டானிலோ கிடக்கத்தான் செய்கிறது. ராணுவத்தில் இருக்கும் பிள்ளை ஸ்ரீநகரிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கும், கொடைக்கானல் போனபோது ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும், ஆன்லைனில் பூவின் படத்தைப் பார்த்து வரவழைத்ததாகவும் இருக்கும். அப்புறம் நடுவோம் என்று மேலே போட்டால், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் மறுபடி கண்ணில் படும். அப்படிக் கண்ணில் பட்டவர்கள் கேட்கும் கேள்விகளும், அதோடு சேர்த்து மஞ்சள், சிறுகிழங்கு, செங்காந்தள் பற்றி வரும் கேள்விகளும் இங்கே.

ஆறேழு மாதம் பரணில் கிடந்த கிழங்கு. சுருங்கி, இலையெல்லாம் சருகாகிவிட்டது. குப்பையில் போட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். சுருங்கியதெல்லாம் செத்தது என்று அர்த்தமில்லை. கிழங்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். தோல் சுருக்கமாக இருந்தாலும் உள்ளே கெட்டியாக நின்று லேசாக மட்டும் அமுங்கினால் உயிர் இருக்கிறது. கையில் எடையே தெரியாமல், அழுத்தியதும் பொடிந்தால் முடிந்துபோயிற்று. தோல் மட்டும் நின்று உள்ளே கொழகொழவென்று நகர்ந்தால் அழுகல். அழுகலிலும் பாதிக் கிழங்கைத் தேற்ற முடியும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அழுத்திப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். முதலில் காய்ந்த இலைகளைப் பைய உரித்து எடுங்கள். பிய்த்து இழுத்தால் அடியில் இருக்கும் குருத்தும் சேர்ந்து வந்துவிடும். சருகு போனதும் கிழங்கைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு தெரியும். அவை பழைய இலைகள் உதிர்ந்த தடங்கள். அந்த வளையங்களுக்கு நடுவே தோலை ஓர் அரிசி அகலத்துக்கு மட்டும் கீறுங்கள். உள்ளே பால்வெள்ளையோ மங்கிய சந்தன நிறமோ தெரிந்து, நகத்தில் கொஞ்சம் ஈரம் ஒட்டினால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகி, தூளாக உதிர்ந்தால் அந்த இடம் செத்தது.

ஒரே இடத்தில் கீறிவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வால்பகுதி செத்து, இலை இருந்த நுனி மட்டும் உயிரோடு இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். நுனி செத்து, பக்கவாட்டில் மிளகு அளவுக்குப் புடைத்திருக்கும் ஒரு கண் மட்டும் பிழைத்திருப்பதும் உண்டு. அந்த ஒரு கண் போதும்.

இது வேரா, கிழங்கா? தண்ணீர் இல்லாமல் இத்தனை நாள் எப்படித் தாங்குகிறது?

பள்ளிக்கூடத்தில் இஞ்சியையும் மஞ்சளையும் காட்டி மட்டநிலத்தண்டு என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதே வகைதான். தரையை ஒட்டிப் படுத்து வளரும் தண்டு. மாவும் சர்க்கரையும் தண்ணீரும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். தோட்டங்களில் அதிகம் வளர்க்கப்படும் தாடி ஐரிஸின் மூதாதைகள் மத்தியதரைக்கடல் ஓரத்திலும் மேற்காசியாவிலும் வளர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடை முழுக்கக் காய்ச்சல். அந்தக் கோடையைத் தாண்டுவதற்காகவே அமைந்த கிழங்கு இது. அதனால் உங்கள் பரண் அதற்கு அவ்வளவு அந்நியமான இடம் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கணு ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்த கணு மறுபடி பூக்காது, ஆனால் அதன் பக்கத்தில் கிளைக்கும் கண்கள் புதுச் செடியாகும். பழைய பூத்தண்டின் தழும்பு இருக்கிறதே, இது கிழடு தட்டியதோ என்று தூக்கிப் போட வேண்டாம்.

எல்லா ஐரிஸும் இப்படிக் காய்ச்சலைத் தாங்குமா?

தாங்காது. பூவின் கீழிதழில் மயிர் வரிசையாக நிற்குமே, அந்தத் தாடி ஐரிஸ்தான் வாரக்கணக்கிலும், நிழலில் இருந்தால் மாதக்கணக்கிலும் தாங்கும். அதன் கிழங்கு பருமனாக, பார்வைக்கு இஞ்சித் துண்டு மாதிரி இருக்கும். தாடி இல்லாத வகைகள் ஈரத்தில் வளர்பவை. சைபீரிய ஐரிஸ், ஜப்பான் ஐரிஸ், லூசியானா ஐரிஸ், குளத்தோரம் வளரும் மஞ்சள் ஐரிஸ் எல்லாம் அந்தக் கூட்டம். இவற்றில் பலவற்றின் கிழங்கு மெலிசாக, நார்வேர் அடர்ந்து இருக்கும். இவை முழுக்கக் காய்ந்துபோனால் பெரும்பாலும் திரும்பி வராது. டச்சு ஐரிஸ் வேறு கதை. அது வெங்காயம் போலக் குமிழம். இந்தப் பக்கத்தில் சொல்வது அதற்குப் பொருந்தாது.

கவரில் பெயர் இல்லை என்றால் கிழங்கின் பருமனை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

"அண்ணாச்சி, ராத்திரியே வாளித் தண்ணியில முக்கி வச்சிட்டேன். காலையில நட்டுரலாம்லா?"

உடனே வெளியே எடுத்துத் துடைத்து நிழலில் போடுங்கள். அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் கிழங்கு சாவதும் இதில்தான். ஆறு மாதம் பரணில் பிழைத்துக் கிடந்தது, ஆசையாக ஊற்றிய முதல் தண்ணீரில் போய்விடும்.

காய்ந்த கிழங்குக்கு வேர் கிடையாது. இருப்பதெல்லாம் பழைய செத்த வேர். தண்ணீரை ஒழுங்காக இழுத்துக்கொள்ளும் வழியே அதனிடம் இல்லை. தோலோ சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து இருக்கும். தண்ணீரில் முக்கினால் அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகும் தண்ணீர் சர்க்கரையைக் கரைத்து வெளியே கொண்டுவரும். அதைத் தின்னப் பாக்டீரியா வரும். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் மூட்டைக்குள்ளேயே கூழாக்கும் அதே கூட்டம்தான் இதையும் தாக்குகிறது. பெக்டோபாக்டீரியம் என்று பெயர், முன்பு எர்வினியா என்பார்கள். குளிர்நாட்டில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் தப்பிக்கலாம். பாளையங்கோட்டை வெயிலில் வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், காலைக்குள் நாற்றமே வந்துவிடும்.

தாடி இல்லாத ஐரிஸ், அதுவும் முழுக்கக் காயாமல் வாடியது என்றால் மட்டும் சில மணி நேரம் ஊறப்போடுவது நல்லது. தாடி ஐரிஸுக்கு ஊறவே வேண்டாம். அதற்கு வேர் வரும் வரை சுற்றிலும் லேசான ஈரக்கசிவு இருந்தால் போதும். தண்ணீர் ஊற்றுவதெல்லாம் வேர் வந்த பிறகு.

அப்படியென்றால் எப்படித்தான் எழுப்புவது?

சுத்தம் செய்வதிலிருந்து தொடங்குவோம். சருகை உரித்தாயிற்று. செத்த வேர்களைக் கத்தரியால் ஒரு விரல் நீளம் விட்டு நறுக்குங்கள். முழுக்க எடுத்துவிட வேண்டாம், மணலில் கிழங்கு ஆடாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். சருகின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தொட்டுத் துடைத்துவிடுங்கள். பொடிந்த பகுதிகளைக் கூர்மையான கத்தியால் நறுக்கி, உள்ளே வெள்ளைச் சதை தெரியும் வரை போங்கள். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலோ கந்தகத்தூளோ தடவி, காற்றாடும் நிழலில் ஒரு நாள் விடுங்கள். வெட்டுவாய் தொட்டால் ஒட்டாமல் காய்ந்திருக்க வேண்டும். மழைநாள் என்றால் இரண்டு நாள் ஆகும்.

அடுத்தது மணல். அகலமான மண்சட்டி போதும், அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். கொத்தனார்கள் சலித்துக் கழித்த பருமணல் கிடைத்தால் அதுவே மேல். ஆற்றுமணல் இப்போது யாரிடமும் லேசில் கிடைப்பதில்லை. எம்-சாண்ட் என்றால் அலசி, மாவு போன தூள் நீக்கிப் பயன்படுத்துங்கள். கோகோபீட்டை மட்டும் தனியாகப் போடாதீர்கள். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடவே விடாது. மணலில் தண்ணீர் தெளித்துக் கையில் பிடித்துப் பாருங்கள்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டும் வரக்கூடாது. அந்தப் பதத்தில் சட்டியை நிரப்பிக் கிழங்கை மேலே படுக்க வையுங்கள். பழைய வேர் கீழே, முதுகு மேலே. முதுகு பாதிக்கு மேல் வெளியே தெரிந்துகொண்டிருக்கட்டும்.

சட்டியைக் கிழக்குப் பார்த்த சுவர் ஓரம் வையுங்கள். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டு, பத்து மணிக்கு மேல் நிழல் விழும் இடம். மணல் மேலாகக் காய்ந்து வெளுத்தால் சட்டியின் விளிம்பு ஓரமாக மட்டும் தெளியுங்கள், கிழங்கின் மேல் ஊற்றாதீர்கள். பாலித்தீன் கவர் போட்டு மூடும் வேலை வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் உள்ளே வெந்துவிடும்.

இரண்டு மூன்று வாரத்தில் கிழங்கை அசைத்துப் பாருங்கள். முன்பு ஆடியது இப்போது மணலைப் பிடித்திருந்தால் வேர் இறங்கிவிட்டது. ஓரத்தில் மணலை விலக்கினால் வெள்ளையாக, சேமியா பருமனில் புது வேர் தெரியும். அப்போதிருந்து தாராளமாகத் தண்ணீர் விடலாம். விட்டபின் மணல் மேலே காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

எவ்வளவு நாள் காத்திருப்பது?

வேர் முதலில், இலை பிறகு. பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் ஏதாவது அசைவு தெரிந்துவிடும். ரொம்பக் காய்ந்தது இரண்டு மாதம் வரை சும்மா கிடந்துவிட்டுத் துளிர்ப்பதும் உண்டு. அழுத்தினால் கெட்டியாக இருக்கும் வரை விட்டுவிடுங்கள். தினம் தோண்டிப் பார்ப்பவர் வீட்டில் எந்தக் கிழங்கும் வேர்விடாது.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

இதற்கு நீங்கள் இருக்கும் ஊரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. தென்காசி, குற்றாலம், பாபநாசம் என மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் சாரல் விழும். காற்றிலேயே ஈரம் நிற்கும். அந்த நாளில் கிழங்கைத் திறந்தவெளியில் வைத்தால் மணல் காயவே காயாது. திருநெல்வேலி, மானூர், நாங்குநேரிப் பக்கம் அதே ஆனி ஆடியில் மழை கிடையாது, வறண்ட காற்றுதான் அடிக்கும். அங்கே ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் கண்டம்.

இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருவது மார்கழி பாதிக்கு மேல் தை முடிய. மழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத நாட்கள். கத்திரி வெயிலில் கிழங்கு கண்ணில் பட்டால் அவசரப்பட்டு நட வேண்டாம். சுத்தம் செய்து, காய்ந்த மணலில் புதைத்து, வீட்டுக்குள் நிழலான மூலையில் வைத்துவிடுங்கள். இத்தனை மாதம் பொறுத்தது இன்னும் சில மாதம் பொறுக்கும்.

சட்டியிலிருந்து தரைக்கு மாற்றும்போது மண் எப்படி இருக்க வேண்டும்?

கரிசல் மண்ணில் நேராக நடக்கூடாது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன்: மழையில் அந்த மண் பிசினாகிக் கிழங்கின் மூச்சை அடைத்துவிடும், கோடையில் வெடித்து வேரை அறுத்துவிடும். ஒரு முழ உயரத்துக்குப் பாத்தி கட்டி, செம்மண்ணும் பருமணலும் சரிபாதி கலந்து அதில் நடுங்கள். தாமிரபரணிக் கரை வண்டலிலும் அப்படியே மேடு வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல்காரர்களுக்கு வடிகால் கவலை இல்லை. அவர்கள் மக்கிய தொழு உரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். பச்சைச் சாணியும் யூரியாவும் யாருக்கும் வேண்டாம். இலை கொழுத்து வரும், அடியில் அழுகல் பிடிக்கும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் கிழங்கின் முதுகு வெயிலில் கிடக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த ஊர் வெயிலுக்கு அது சரி. நம் சித்திரை வெயிலில் முதுகு வெந்து தழும்பாகிவிடும். அரை அங்குலம் பருமணல் தூவி மூடுங்கள், மதியத்துக்கு மேல் ஒரு முருங்கை நிழலாவது விழட்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்தால் உப்பு. ஐரிஸ் உப்பை விரும்பாது. மழைத்தண்ணீரோ ஆற்றுக்குழாய்த் தண்ணீரோ கொடுங்கள்.

மயில் நடமாட்டம் உள்ள ஊர் என்றால் வலை போடாமல் நட வேண்டாம். புது மணலைக் கண்டால் அது சீய்க்காமல் போகாது. கோழியும் அப்படித்தான், ஆனால் கோழிக்குச் சொந்தக்காரரிடம் சண்டைக்காவது போகலாம்.

தொட்டால் கூழாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

வெட்ட வேண்டும், தயங்கக் கூடாது. கத்தியைத் தீயில் காட்டியோ டெட்டாலில் துடைத்தோ எடுத்துக்கொண்டு, அழுகலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நல்ல சதையில் வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் இன்னும் உள்ளே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நோயை நீங்களே நல்ல சதைக்குக் கொண்டுபோகிறீர்கள். மிஞ்சிய துண்டில் சாம்பல் தடவி, இரண்டு மூன்று நாள் காலை வெயில் படும்படி காய வையுங்கள். மஞ்சள்தூளும் தடவலாம், கெடுதல் இல்லை. ஆனால் அழுகலை மிச்சம் வைத்துவிட்டு மேலே மஞ்சள் பூசினால் ஒன்றும் நடக்காது. அழுகிய மண்ணை அப்படியே கொட்டிவிடுங்கள், அதே சட்டியில் அதே மணலை மறுபடி போடாதீர்கள்.

அழுகல் வராமல் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி வாங்கித் தொழு உரத்தில் கலந்து போடலாம். வேளாண் கடைகளில் கிடைக்கும். அது பூஞ்சைக்கு எதிரானது. நான் மேலே சொன்ன பாக்டீரியா அழுகலுக்கு மருந்து கத்தியால் வெட்டுவதும் காயவைப்பதும்தான்.

துளிர்த்த இலை நுனி மஞ்சளாகிறதே?

முதலில் வரும் ஒன்றிரண்டு இலைகள் கிழங்கின் சேமிப்பைத் தின்று வந்தவை. அவை வெளுப்பாக வந்து நுனி காய்வது சகஜம், விட்டுவிடுங்கள். நடு இலை அடியோடு மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்தால் அடியில் அழுகல்.

சரி, நம்ம ஊரில் ஐரிஸ் பூக்குமா?

தாடி ஐரிஸ் பூக்காது என்று வைத்துக்கொண்டே வளருங்கள். இலை வரும், விசிறி விசிறியாக அழகாகவே வரும். ஆனால் பூமொட்டு உள்ளே கட்டுவதற்கு வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். காஷ்மீரில் பனிக்காலம் முடிந்ததும் கபர்ஸ்தான்களில் வெள்ளையும் ஊதாவுமாக அது பூத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அங்கே சமாதிகளின் மேல் ஐரிஸ் நடுவது பழைய வழக்கம். அந்தப் பனி நமக்கு எங்கே? பாளையங்கோட்டையில் மார்கழி ராத்திரியும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் பூக்குமா என்று அடுத்த கேள்வி வரும். குளிர் படவேண்டியது இலையோடு வளர்ந்து முற்றிய செடிக்கு. காய்ந்த கிழங்கைக் காய்கறித் தட்டில் வைத்தால் குளிர்ந்த காய்ந்த கிழங்குதான் கிடைக்கும்.

ஐரிஸ் குடும்பத்தில் ஒரு பூ இந்தச் சமவெளியிலேயே பார்க்க வேண்டும் என்றால் சிறுத்தைப்பூவைத் தேடுங்கள். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி, விதை முற்றினால் கறுப்பாக மணிக்கொத்து. பெலம்கண்டா என்று தனியாக வைத்திருந்ததை 2005-இல் தாவரவியலார்கள் ஐரிஸ் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். நம் வெயிலுக்கு அது அஞ்சாது, கிழங்கும் தேறும், விதை போட்டாலும் வரும்.

பூக்காத செடிக்கு எதற்கு இவ்வளவு பாடு?

கேட்க வேண்டிய கேள்விதான். மகன் கொண்டுவந்தது என்று ஒரு அம்மா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தால் அவரிடம் இதைக் கேட்க எனக்கு மனசு வராது. மற்றவர்களுக்கு என் யோசனை: இங்கே வேர்விட வைத்து, கொடைக்கானலிலோ ஊட்டியிலோ தெரிந்தவர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அங்கே அது பூக்கும், படம் அனுப்புவார்கள்.

பொங்கலுக்குப் பானையில் கட்டிய மஞ்சள் குலை காய்ந்து தொங்குகிறது. அதை நடலாமா?

தாராளமாக. ஐரிஸைவிட இது லேசு, பலனும் கைமேல். குலையை வாசலில் வெயிலில் தொங்கவிட்டிருந்தால் விரல்கள் சுருங்கி வற்றியிருக்கும், நடுவில் இருக்கும் குண்டுக்கிழங்கு பெரும்பாலும் பிழைத்திருக்கும். உடைத்துப் பாருங்கள். உள்ளே பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளும் வாசனையும் இருந்தால் நல்லது. கறுத்துத் தக்கையாக இருந்தால் வேண்டாம்.

தையிலேயே நடத் தேவையில்லை. மஞ்சளுக்கு அது உறங்கும் காலம். காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். விதைமஞ்சளைக் குழியில் சேமிக்கும்போது மேலே எட்டி இலை போட்டு மூடுவது பூச்சி அண்டாமல் இருக்கத்தான். வைகாசி வாக்கில் கண்கள் தானாகப் புடைக்கும். அப்போது எடுத்து, ஒரு துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி ஒடித்து நடுங்கள். செதில் செதிலாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது செதில்பூச்சி, தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்திவிட்டு நடலாம். தை பொங்கலுக்கு உங்கள் வீட்டுக் குலையே பானைக்கு வரும்.

மளிகைக்கடை விரலி மஞ்சள், சுக்கு இதெல்லாம் முளைக்குமா?

முளைக்காது. கடை மஞ்சள் வேகவைத்துக் காயவைத்தது. சுக்கு தோல் சீவி வெயிலில் முழுக்க வற்ற வைத்த இஞ்சி.

சிறுகிழங்கு மிஞ்சிப்போய்ச் சுருங்கிவிட்டது.

நம் ஊர்ப் பொங்கல் படியில் சிறுகிழங்கு இல்லாமல் இருக்காது, அதனால் எல்லார் வீட்டிலும் கொஞ்சம் மிஞ்சும். வேகவைக்கத் தகாத அளவுக்குச் சுருங்கினாலும் நாற்றுக்கு ஆகும். கிழங்கை நேராக வயலில் ஊன்ற வேண்டாம். சிறிய பாத்தியில் நெருக்கமாகப் புதைத்தால் கொடி கிளம்பும். அந்தக் கொடியை ஒரு சாண் அளவுக்குக் கிள்ளி நடுவதுதான் வழக்கம். ஒரு கைப்பிடிக் கிழங்கிலிருந்து ஒரு பாத்திக்கு வேண்டிய கொடி கிடைத்துவிடும்.

வேலியோரம் இருந்த செங்காந்தள் கிழங்கு தோண்டும்போது வெளியே வந்து காய்ந்துவிட்டது.

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பதும் இதுதான். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கொடி காய்ந்த பின் கிழங்கு மாதக்கணக்கில் உறங்கும் சுபாவம் உள்ளது, அதனால் சுருக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது முனை ஒடிவதற்கு. கலப்பை வடிவில் இரண்டு கையாக இருக்கும் அந்தக் கிழங்கில் முளைக்கும் கண் கையின் நுனியில் மட்டும்தான். நடுவிலிருந்து கண் வராது. நுனி ஒடிந்த கை எவ்வளவு கொழுத்திருந்தாலும் வீண். இரண்டு நுனியும் இருந்தால் வளைவில் ஒடித்து இரண்டு செடியாக்கலாம். ஆனி, ஆடியில் நடலாம்.

இதில் கோல்ச்சிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. கிழங்கைத் தின்றால் உயிர் போகும். சீனிக்கிழங்கோ வேறு எதுவோ என்று யாரும் எடுத்துவிடாத இடத்தில் வையுங்கள், கையுறை போட்டுக்கொண்டு வேலை பாருங்கள், கத்தியைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஐரிஸ் கிழங்கும் தின்னக் கூடாததுதான். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், சிலருக்குச் சாறு பட்டால் தோல் அரிக்கும். ஆடு, நாய்க்கும் இதே எச்சரிக்கை.

கல்வாழைக் கிழங்கு?

சாக்கடை ஓரம் தூக்கிப் போட்டாலே முளைக்கும் செடி. ஒரு கண் கெட்டியாக இருந்தால் போதும், நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே சொன்ன தண்ணீர்க் கட்டுப்பாடு எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

ஐரிஸ் கிழங்கை வாசனைக்குப் பயன்படுத்துவார்களாமே? முளைக்காவிட்டால் அரைத்துக்கொள்ளலாமா?

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பக்கம் அந்தத் தொழில் உண்டு. கிழங்கைத் தோல் சீவிக் காயவைத்து, மூன்று முதல் ஐந்து வருடம் வரை கிடங்கில் போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில்தான் ஐரோன் என்ற வாசனைப் பொருள் உள்ளே உருவாகி, அத்தரில் சேர்க்கும் அளவுக்கு மணம் ஏறும். அதற்கென்று வகைகள் இருக்கின்றன. உங்கள் பரண் கிழங்கில் அந்த வாசனையை எதிர்பார்க்க வேண்டாம், முகத்துக்கு அரைத்துப் பூசவும் வேண்டாம்.

மறுபடி இப்படிக் காயாமல் எப்படி எடுத்து வைப்பது? மதுரையில் இருக்கும் மதினிக்குக் கூரியரில் அனுப்பவும் வேண்டும்.

தோண்டியதும் கழுவாதீர்கள். மண்ணை உதறி, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, நிழலில் இரண்டு நாள் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் மட்டும் கூடவே கூடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பனையோலைப் பெட்டி இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும்: காற்று போகும். அடியில் காய்ந்த மணல், ஒன்றோடொன்று உரசாமல் கிழங்கு, மேலே மறுபடி மணல். பழங்கள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மாதம் ஒருதடவை கையை விட்டு அழுத்திப் பார்த்து, கொழகொழவென்று ஒன்று அகப்பட்டால் அன்றே எடுத்துப் போடுங்கள்.

கூரியருக்கு ஒவ்வொரு கிழங்கையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, நான்கு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஈரத்துணி சுற்றி அனுப்பாதீர்கள். பெட்டியின் மேல் பெயரும், நட வேண்டிய மாதமும், முதுகு மேலே இருக்க வேண்டும் என்பதும் எழுதுங்கள். வந்ததும் தண்ணீரில் போட வேண்டாம் என்று மதினிக்குப் போனில் தனியாகச் சொல்லிவிடுங்கள்.